அல்சூர் ஏரிக்கரையில் நான்கு நாட்கள்

முதல் நாள், இரவு

திருவண்ணாமலையில் காலை ஏழரைக்கு பஸ் ஏறினேன். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று வந்து பெங்களூர் சாந்தி நகர் பஸ் நிலையத்தில் இறங்கும்போது மதியம் ஒன்றரை மணி. முதுகில் ஒரு பை. மூன்று சட்டை, ஒரு போர்வை, அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம். நான்கு நாளைக்கு இது போதும்.

ஏரி பார்க்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் ஊட்டியா, கொடைக்கானலா என்றுதான் கேட்டார்கள். அல்சூர் என்றதும், பெங்களூரில் போய் ஏரியா என்றார்கள். எனக்கு அல்சூர் சின்ன வயதிலிருந்தே தெரியும், பார்க்காமலே தெரியும். பெரியப்பா 1980களில் இங்கே கட்டட வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார்! "திருக்கோவிலூர்ல பேசுற தமிழே அங்க போதும்டா. ஒரு வார்த்தை மாத்த வேணாம்" என்பார்.

அது இன்றும் உண்மைதான். ஆட்டோக்காரரிடம் தட்டுத்தடுமாறி இரண்டு கன்னட வார்த்தை சொன்னேன். "எங்க போணும், சொல்லு பா" என்றார்.

பை தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுபவர்கள் தங்கும் ஒரு விடுதியில் படுக்கை கிடைத்தது. ஆறு பேர் அறை, எனக்கு மேல்கட்டில். குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்: காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், பார்த்துச் செலவழிக்கவும். ஏரிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நூறு கிலோமீட்டர் தள்ளி ஓடுகிற ஆற்றுக்குக் காத்திருக்கிறார்கள். பையை வைத்துவிட்டு அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஏரிக்குப் போனேன். கென்சிங்டன் சாலைப் பக்கமிருந்து பார்த்தால் முதலில் தெரிவது தண்ணீர் இல்லை, பருந்துகள். கரும்பருந்துகள் கூட்டம் கூட்டமாக வட்டமடித்துக்கொண்டே இருக்கின்றன. அப்புறம் தீவுகள். ஏரிக்கு நடுவே மரம் அடர்ந்த சின்னச் சின்னத் தீவுகள், ஒவ்வொன்றிலும் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு நிற்கின்றன. சுமார் 125 ஏக்கர் ஏரி. எதிர்க்கரையில் குருத்துவாராவின் வெள்ளைக் கட்டடம். பெரியப்பா எங்கே உட்கார்ந்திருப்பார் என்று தேடினேன். இப்போது கரையெல்லாம் கம்பி வேலி. சரி, வேலிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தை முடித்தேன்.


இரண்டாம் நாள்

விடியலில் குளிர் நன்றாகவே இருக்கிறது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். எங்கள் ஊரில் மாசி மாதத்தில் போர்வை தேட வேண்டியதில்லை.

ஏரியை முழுதாகச் சுற்றிவர நினைத்தேன், முடியவில்லை. ஒரு பக்கம் ராணுவ இடம், மதராஸ் எஞ்சினியர் குரூப்பின் மையம். அவர்களுடைய மரபு 1780 வரை பின்னால் போகிறது. அந்தப் படைவீரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம், எந்த மொழிக்காரராக இருந்தாலும். பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடா ஊருக்கு எல்லையாகக் கட்டியதாகச் சொல்லும் நான்கு காவல் கோபுரங்களில் ஒன்றும் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. வெளியே நின்று மதில் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பசி. பஜார் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையிலேயே அடுப்பு வைத்து ஒரு ஆயா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு இட்லி, காரச் சட்னி.

"எந்த ஊரு பா?"

"திருக்கோவிலூர், ஆயா."

"எங்க பாட்டன் ஆரணிப் பக்கம். பட்டாளத்துல சமையல் வேலைக்கு வந்தாரு. நான் பொறந்தது, வாக்கப்பட்டது எல்லாம் இந்தத் தெருதான்."

அந்த ஒரு வரியில் இந்தப் பகுதியின் கதையே இருக்கிறது. 1809 வாக்கில் ஆங்கிலேயர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படையை இங்கே மாற்றியபோது, படையோடு சேர்ந்து மதராஸ் மாகாணத்துத் தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய், சமையல்காரர், சலவைக்காரர், தச்சர், கொத்தனார், ஒப்பந்தக்காரர். இன்று உயர் நீதிமன்றமாக இருக்கும் சிவப்புக் கட்டடம், அட்டாரா கச்சேரி, அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த கல்வி நிறுவனங்கள் இந்த ஏரிப் பக்கம் இன்னும் நடக்கின்றன. பெரியப்பா அந்த வரிசையில் ரொம்பக் கடைசியாக வந்தவர். கட்டியவர்களின் பெயர்ப் பட்டியல் எங்காவது இருந்தால் அதில் அவர் பெயரும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆயா வீட்டில் இரண்டு தண்ணீர். நீலக் குடத்தில் 'காவேரி', வாசல் ட்ரம்மில் 'போர்'. குடிக்கவும், அரிசி உளுந்து கழுவவும் காவேரி. பாத்திரம் கழுவ போர். இரண்டும் கடைசியில் ஒரே சாக்கடையில்தான் போகின்றன.

பத்து மணிக்குப் படகு. தள்ளி நின்று பார்த்த தீவுகளைக் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. ஒரு தீவின் மரங்கள் முழுக்கப் பறவை எச்சம் விழுந்து வெளுத்துக் கிடக்கின்றன. படகு ஓட்டிய அண்ணனும் தமிழ்தான், மூன்றாம் தலைமுறை. 2016 மார்ச்சில் மீன்கள் செத்து மிதந்ததைப் பற்றிக் கேட்டேன். நான் அப்போது செய்தித்தாளில் படித்திருந்தேன். ஆயிரக்கணக்கான மீன்கள். கழிவு கலந்து, வெயிலும் சேர்ந்து, தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோனதுதான் காரணம். "காலைல வந்து பார்த்தா ஏரி வெள்ளையா இருந்துச்சு, தம்பி. தண்ணியே தெரியல" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த ஏரியின் பிறப்பைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கெம்பேகவுடா வம்சத்தார் வெட்டியது என்பது ஒன்று. 1862 முதல் 1870 வரை மைசூரின் கமிஷனராக இருந்த லூயின் பௌரிங் உருவாக்கியது என்பது இன்னொன்று. பழைய ஏரியை பௌரிங் காலத்தில் பெரிதாக்கியிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. எப்படியானாலும் இது மனிதர் கையால் ஆன ஏரி. ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும்கூட அப்படித்தான், ஆனால் அங்கே அழகுக்கும் படகுக்கும்தான் பேர். பெங்களூரில் ஏரி என்பது பிழைப்பு. வருஷம் முழுக்க ஓடும் பெரிய ஆறு எதுவும் இந்த ஊருக்குள் இல்லை. மேட்டில் பெய்த மழையைப் பள்ளத்தில் மறித்து, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும்படி ஏரிகளைக் கால்வாயால் கோத்து வைத்தார்கள். அந்தக் கால்வாய்க்குக் கன்னடத்தில் ராஜகாலுவே என்று பெயர். ராஜா என்ற சொல்லைச் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவு மரியாதை.

அந்தச் சங்கிலியில் பல கண்ணிகள் இன்று இல்லை. மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரி. அல்சூர் தப்பித்திருக்கிறது.

மதியம் சோமேஸ்வரர் கோயில். விஜயநகர பாணித் தூண்கள், கைலாயத்தைத் தூக்கும் ராவணன் சிற்பம். கன்னட அர்ச்சனை, தமிழ் வேண்டுதல், தெலுங்குக் கல்யாணக் கூட்டம். நடை சாத்தும் நேரமாகிவிட்டதால் அவசரமாகத்தான் பார்த்தேன், நாளை மறுநாள் மறுபடி வர வேண்டும்.

சாயங்காலம் தமிழ்ச் சங்கம். ஏரிக்கு எதிரேயே இருக்கிறது. நூலகத்தில் ஒரு மணி நேரம் செய்தித்தாள் படித்தேன். வெளியே வந்து திருவள்ளுவர் சிலைக்குப் போனேன். இந்தச் சிலை 18 வருடம் துணியால் மூடப்பட்டிருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள். கருணாநிதியும் எடியூரப்பாவும் ஒரே மேடையில் நின்றார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அந்த 18 வருடமும் பெரியப்பாவுக்கு அது ஒரு ஆறாத விஷயம். திறந்த அன்று ஊரில் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். நான் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "மேல துணி இல்லையே?" என்று கேட்டார். இல்லை பெரியப்பா என்றேன்.

இதை எழுதும்போது இரவு பதினொன்று. தூக்கம் வரவில்லை, காரணம் இருக்கிறது. மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் வரைபடத்தை விரித்து, அல்சூர் நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும் என்று விரலாலேயே தேடிக்கொண்டு போனேன். தெற்கே போய், தென்கிழக்கே திரும்பி பெல்லந்தூர் ஏரி. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. அங்கிருந்து ஒரு ஆறு. பெயர் தட்சிண பினாகினி. அது கிழக்கேயும் தெற்கேயும் வளைந்து ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்குள் நுழைகிறது.

தட்சிண பினாகினி என்பது தென்பெண்ணை. நான் நீச்சல் படித்த ஆறு.


மூன்றாம் நாள்

விடிந்ததும் நேராக ஆயா வீட்டுக்கு. இட்லி தட்டில் விழுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "ஆயா, உங்க வீட்டுத் தண்ணி எங்க ஊருக்குப் போகுது."

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எந்தத் தண்ணி?"

"நீங்க அரிசி கழுவி ஊத்துற தண்ணி."

முழுக்கச் சொன்னேன். காவிரி ஆற்றுத் தண்ணீரை தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் குழாயில், ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றி இந்த ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். 1974இல் தொடங்கியது. முதல் நான்கு கட்டங்களில் நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வந்தது, 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கி இன்னும் 77.5 கோடி லிட்டர் சேர்ந்தது. அதைக் குடித்து, குளித்து, கழுவி ஊற்றினால் அது முழுதும் திரும்பக் காவிரிக்கே போவதில்லை. ஊரின் மேற்குப் பக்கத்துக் கழிவுநீர் விருஷபாவதி ஆறு வழியாகக் காவிரிப் பக்கம் போகிறது. அல்சூர், கோரமங்களா, பெல்லந்தூர் என்று இந்தப் பக்கத்துத் தண்ணீர் தென்பெண்ணையில் விழுகிறது. அதாவது காவிரியின் ஒரு பங்கு, பெங்களூர் வீடுகளுக்குள் புகுந்து வெளியே வந்து, பெண்ணையாறாக மாறி எங்கள் ஊர் வழியாகக் கடலூருக்குப் போகிறது.

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு இட்லி வைத்தார். அப்புறம் மெதுவாக, "அழுக்கா போகுதே பா" என்றார்.

அதைப் பார்க்கத்தான் கிளம்பினேன். முதலில் அல்சூரிலிருந்து வெளியேறும் கால்வாயைப் பிடித்து நடந்தேன். கொஞ்ச தூரம் தெரிகிறது, பிறகு கான்கிரீட் மூடிக்குள் போய்விடுகிறது. இரண்டு தெரு தள்ளி மறுபடி தலைகாட்டுகிறது. இருபக்கமும் உயரமான சுவர், கீழே சாம்பல் நிறத்தில் ஒரு ஓட்டம். ஏரிக்குள் வரும் பக்கமும் இதே கதைதான். ஜெயமகால் பக்கமிருந்து வரும் வாய்க்கால்தான் பெரியது, மழைநீருக்காக வெட்டியது, அதில் சாக்கடை சேர்ந்துவிட்டது. ஒரு பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர், "கீழ பார்க்காதீங்க, மூக்கைப் பிடிங்க" என்றார். நான் கீழேதான் பார்த்தேன். ராஜகாலுவே என்ற பெயர் நினைவுக்கு வந்து மனசு கனத்தது.

தொம்மலூர் வரை நடந்து, அங்கிருந்து பஸ். மாரத்தஹள்ளியில் மாறி வெளிவட்டச் சாலையில் பெல்லந்தூர். இருபக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம், பாதிப் பேர் தமிழ் பேசுகிறார்கள். அல்சூர்த் தமிழ் வேறு, இந்தத் தமிழ் வேறு. இவர்கள் வெள்ளிக்கிழமை இரவு பஸ் பிடித்து ஊருக்குப் போகிறவர்கள்.

பெல்லந்தூர் ஊரின் மிகப் பெரிய ஏரி, சுமார் 900 ஏக்கர். 2015இல் இதன் நுரை சாலைக்குப் பறந்து வந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்தது. ஏரி எப்படித் தீப்பிடிக்கும் என்று அப்போது அப்பா கேட்டார், எனக்கும் புரியவில்லை. ஏரியை மூடிய செடிகொடிகள் காய்ந்துபோயிருந்தன, அழுகும் கழிவிலிருந்து எரியக்கூடிய வாயு வேறு. கரையில் நின்று பார்த்தபோது புரிந்தது. நான் பார்த்த பக்கம் தூர்வாரிய மண்மேடுகள், லாரித் தடங்கள். தூரத்தில் நீர்ப் பரப்பு. கூழைக்கடா ஒன்று தனியாக மிதந்துகொண்டிருந்தது. வேலை நடப்பதைப் பார்த்ததில் எனக்கு உண்மையிலேயே ஆறுதல். இந்தப் பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள், அதுவும் நல்ல விஷயம்தான். ஆனால் சுத்திகரிக்காமல் தப்பிப்போகும் மிச்சம் இன்னும் ஆற்றுக்குத்தான் போகிறது. கெலவரப்பள்ளி அணை மதகில் நுரை மலைபோல நிற்கும் படங்கள் வருஷா வருஷம் நம் செய்தித்தாள்களில் வருகின்றன. அந்த நுரையின் முகவரியை இன்று கண்டுபிடித்தேன்.

கரையில் ஒரு மணி நேரம் இருந்தேன். எங்கள் ஊர் நினைவாகவே இருந்தது. திருக்கோவிலூரில் ஆற்றுக்கு நடுவே ஒரு பாறை, கபிலர் குன்று. பாரி மகளிரைக் கரைசேர்த்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடம் என்று சொல்வோம். கோடையில் மணலில் நடந்தே அதற்குப் போவோம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நள்ளிரவில் வந்தபோது, எங்கள் கரையும் எதிர்க்கரை அரகண்டநல்லூரும் என்ன பாடுபட்டன என்பது எங்களுக்குத்தான் தெரியும். எங்கள் சித்தி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு சுவரில் கோடு நின்றது, அதைச் சித்தி இன்னும் வெள்ளையடிக்கவில்லை. வெள்ளம் மேலிருந்து வந்தது என்று அன்று சொன்னோம். மேலே என்றால் எங்கே என்று நான் யோசித்ததே இல்லை. சாத்தனூர்தான் எங்களுக்கு மேல். சாத்தனூருக்கு மேல் கிருஷ்ணகிரி, அதற்கு மேல் கெலவரப்பள்ளி, அதற்கும் மேல் இந்தக் கரை, ஆயா வீட்டுத் திண்ணை.

அல்சூருக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. அப்பாவுக்கு போன் செய்து ஆற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "முழங்கால் அளவு ஓடுது. ஏன், பெங்களூர்ல போய் இதைக் கேக்குற?" என்றார். ஊருக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.


நான்காம் நாள்

சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய் ராவணனை இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தேன். கோயிலுக்கு எதிரே தோண்டி எடுத்த பழைய குளத்தையும் பார்த்தேன். 2010இல்தான் வெளியே வந்ததாம். படிக்கட்டுகளோடு ஒரு குளமே மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. மூடிய ஏரிகளின் ஊரில் ஒரு குளம் திரும்பி வந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஏரிக்கரையில் கடைசியாக ஒரு சுற்று, முடிந்தவரை. பருந்துகள் அதே இடத்தில். ராணுவ மதிலுக்குள் அணிவகுப்புச் சத்தம். பெரியப்பாவுக்குக் காட்ட ஏரியை ஒரு நிமிடம் படம் பிடித்தேன், பேசாமல், தண்ணீரை மட்டும்.

பையோடு ஆயாவிடம் போனேன். மூன்று நாள் இட்லிக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார், இன்று காலைக்கு வாங்கமாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வழிக்கு ஆறு இட்லி, வாழை இலையில் பொடி தடவிக் கட்டிக் கொடுத்தார். நான் கிளம்பும்போது அரிசி கழுவிய தண்ணீர் கையில் இருந்தது. சாக்கடையில் ஊற்றப் போனவர் நின்று, அதை வாசல் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். அடுத்த பாத்திரத்துத் தண்ணீரைச் சாக்கடையில்தான் ஊற்றினார், அதில் சோப்பு இருந்தது.

"இது உங்க ஊருக்கு எப்ப வந்து சேரும், கண்ணு?"

"நடுவுல மூணு அணை இருக்கு, ஆயா. மூணும் திறந்தா வரும்."

"திறந்தா போன் பண்ணு" என்று சொல்லி, என் போனில் தன் பேரன் நம்பரை ஏற்றச் சொன்னார்.